அசிங்க்ஐஓ சர்வரில் நடுவழியில் டிஎல்எஸ்: பஃபரில் தங்கும் பைட்டுகளை என்ன செய்வது?

வணக்கம். பைத்தான் 3.11-இல் அசிங்க்ஐஓ (பல இணைப்புகளை ஒரே நேரத்தில் கையாளும் நூலகம்) கொண்டு எழுதிய சிறிய அஞ்சல் சர்வருக்கு டிஎல்எஸ் மறையாக்கம் சேர்க்கிறேன். இணைப்பு சாதாரணமாகத் தொடங்கும். இனி மறையாக்கத்துக்கு மாறுவோம் என்னும் ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளையைக் கிளையன்ட் அனுப்பியதும், இணைப்பில் எழுதப் பயன்படும் ஸ்ட்ரீம்ரைட்டரில் அந்தப் பதிப்பில்தான் வந்த அதே பெயருள்ள மெத்தடை அழைக்கிறேன். ஹேண்ட்ஷேக் (மறையாக்கத்தைத் தொடங்கும் பரிமாற்றம்) ஒழுங்காக முடிகிறது.

சிக்கல் வேறிடத்தில். கட்டளையோடு ஒட்டி இன்னொரு வரியை யாராவது மறையாக்கமின்றி அனுப்பினால், அது, இணைப்பிலிருந்து படிக்கும் ஸ்ட்ரீம்ரீடரின் பஃபரில் (வந்த பைட்டுகள் படிக்கப்படும்வரை காத்திருக்கும் இடம்) தங்கி, பிறகு பாதுகாப்பான வழியில் வந்ததுபோலவே படிக்கப்படுகிறது. 2011-இல் போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சல் சர்வரில் வெளிவந்த ஓட்டை இதே வகைதான், ஆகவே அலட்சியப்படுத்த மனமில்லை.

பஃபர் காலியா என்று பார்க்கப் பொது மெத்தட் எதுவும் கண்ணில் படவில்லை. அடிக்கோட்டில் தொடங்கும் உள் மாறியைத் தொடுவது அசிங்கம். ஸ்ட்ரீம்களை விட்டுவிட்டு வரும் பைட்டுகளை நேரடியாகக் கையாளும் புரோட்டோகால் வகுப்பையே எழுத வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் வைக்கலாமே என்பது தெரியும். பழைய கிளையன்ட்கள் விடவில்லை.