புதுப்பிப்பு: கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தியும் உரைமுனையம் வராத சிக்கல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்தும் எங்கள் மையத்தின், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் உள்ள மடிக்கணினியில், கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் உரைமுனையம் (எழுத்தால் மட்டும் கட்டளையிடும் கறுப்புத் திரை) வராமல் ஒலியளவு மட்டும் கூடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். அது தீர்ந்துவிட்டது.

விசைகளின் உதவியின்றி மூன்றாம் உரைமுனையத்துக்கு மாற்றும் ‘சூடோ சிஎச்விடி 3’ (sudo chvt 3) என்ற கட்டளையை இட்டுப் பார்க்கும்படி ஒருவர் சொன்னதுதான் வழிகாட்டியது. அதை இட்டதும் கறுப்புத் திரையில் லாகின் வரி உடனே தோன்றியதால், இயங்குதளத்தின் கருவான கெர்னலிலோ, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியிலோ குறையில்லை, விசைப்பலகையிலிருந்து எஃப்3 என்ற குறியே போய்ச் சேரவில்லை என்பது தெளிவாயிற்று. மேல்வரிசை விசைகள் ஒலியளவுக்கும் திரை வெளிச்சத்துக்கும் முதலிடம் தரும்படி அமைந்திருந்தன; எஃப்என் (Fn) விசையோடு எஸ்கேப்பை அழுத்தியவுடன் எஸ்கேப் விசையின் மூலையில் சிறு விளக்கு எரிந்தது, உரைமுனையமும் வந்தது. எல்லா மடிக்கணினிகளிலும் மேல்வரிசையை எஃப் விசைகளாக நிறுத்தும் இந்தப் பூட்டு இதே இடத்தில் இராது. சிலவற்றில் கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும்.

உரைமுனையத்துக்குள் வந்தபின் ஆல்ட்டும் எஃப் விசையும் போதும், கண்ட்ரோல் தேவையில்லை. வரைகலைத் திரைக்குத் திரும்ப உபுண்டுவில் பெரும்பாலும் எஃப்2. எஃப்1 லாகின் பக்கத்துக்குக் கொண்டுபோகும். தமிழில் பெயரிட்ட கோப்புகள் அங்கே சரியாகத் தெரியாது; அது பழுதன்று, அந்தத் திரையின் எழுத்துரு வரம்பு.