லூக்கா 10-க்கு முதல் விளக்கக் கட்டுரை, கிரேக்கம் அரைகுறை: எங்கிருந்து தொடங்குவது?

சிப்புட் வாசகன்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பகுதிநேர இறையியல் டிப்ளோமா, முதல் பருவம். புதிய ஏற்பாட்டுப் பாடத்துக்கு லூக்கா 10:25-37, நல்ல சமாரியன் பகுதி கொடுத்திருக்கிறார்கள் (வழியில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் ஆலய உதவியாளனான லேவியனும் விட்டுப் போக, யூதர் ஒதுக்கிய சமாரியரில் ஒருவன் உதவும் உவமை). 2,500 சொல், ஆறு வாரம். கிரேக்கத்தில் எழுத்துகளும் பெயர்ச்சொல் வேற்றுமைகளும் மட்டும்தான் முடிந்திருக்கின்றன. சுங்கை சிப்புட்டில் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. தினம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கலாம். கையில் இருப்பது கைப்பேசியும் இரண்டு தமிழ் வேதாகமங்களும் (பழைய மொழிபெயர்ப்பு, திருவிவிலியம்). பிரசங்கக் குறிப்பு எழுதுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கிரேக்கம் எந்த அளவுக்குத் தேவை? இந்த டிப்ளோமாவை வைத்துப் பிறகு பட்டப்படிப்புக்குப் போக முடியுமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேதபாடம்

தம்பி, பிரசங்கத்தில் வசனத்தைச் சொல்லிச் சபைக்கு வந்துவிடுவோம். இந்தக் கட்டுரையில் அந்த வாசலைக் கடைசி 300 சொல் வரை மூடி வைக்க வேண்டும். இரண்டாம் பத்தியிலேயே "நாமும் சமாரியனைப் போல" என்று ஆரம்பிப்பதுதான் முதல் கட்டுரையில் அதிகம் நடக்கும் பிழை.

முதல் வாரம் எந்த விளக்கவுரையையும் தொடாதீர்கள். 13 வசனங்களையும் ஒரு தாளில் கையால் எழுதி, யார் பேசுகிறார் என்று ஓரத்தில் குறியுங்கள். உரையாடல் இரண்டு சுற்றாகப் பிரியும்: 25-28, 29-37. இரண்டிலும் ஒரே வரிசை: வேதபண்டிதன் (யூதச் சட்ட அறிஞன்) கேட்கிறான், இயேசு திருப்பிக் கேட்கிறார், அவனே பதில் சொல்கிறான், இயேசு கட்டளை கொடுக்கிறார். 25-இல் "என்ன செய்யவேண்டும்", 28-இல் "செய்", 37-இல் மறுபடி "செய்". உவமை இந்த வழக்காடலுக்குள் இருக்கிறது. அதை மட்டும் பிய்த்து எடுத்தால் பொருள் மாறிவிடும்.

அடுத்து இரண்டு மொழிபெயர்ப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 29-ஆம் வசனம் பழையதில் "எனக்குப் பிறன் யார்". திருவிவிலியத்தில் "எனக்கு அடுத்திருப்பவர் யார்". கிரேக்கச் சொல் "பிளேசியோன்", அருகில் இருப்பவன் என்று பொருள். "பிறன்" தமிழில் கிட்டத்தட்ட எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் சொல்: நான் அல்லாதவன். குறளில் "பிறனில் விழையாமை" என்ற அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்டுப் பழகியதால் இந்த இடைவெளி நமக்கு உறைப்பதில்லை. எது சரி என்று தீர்ப்பு எழுத வேண்டியதில்லை. கேள்வி 36-இல் தலைகீழாவதைக் காட்டினால் போதும்: வேதபண்டிதன் கேட்டது "எனக்கு யார்", இயேசு கேட்பது, அடிபட்டவனுக்கு இந்த மூவரில் "எவன் பிறனாயிருந்தான்" என்று. என்னைப் பொறுத்தவரை கட்டுரையின் மையமே இதுதான். 600 சொல் இதற்குக் கொடுக்கலாம்.

மீதியில் பகுதியின் எல்லைக்கும் முன்பின் சூழலுக்கும் 300, மொழிபெயர்ப்பு ஒப்பீட்டுக்கு 400, அமைப்புக்கு 500, வரலாற்றுப் பின்னணிக்கு 400, இறையியலுக்கும் பயன்பாட்டுக்கும் சேர்த்து 300. சூழல் பகுதியில் 9:52-55-ஐ விடாதீர்கள். ஒரே அதிகாரத்துக்கு முன்பு ஒரு சமாரியக் கிராமம் இயேசுவை ஏற்க மறுத்தது, சீஷர்கள் அதன்மேல் அக்கினி கேட்டார்கள். அதைப் படித்து வருகிற வாசகனுக்குத்தான் சமாரியன் உதவுவது திகைப்பாக இருக்கும். மாற்கு 12:28-34-ஐயும் ஒப்பிடுங்கள். அங்கே இரண்டு கட்டளைகளையும் சொல்பவர் இயேசு, லூக்காவில் வேதபண்டிதன். உவமையோ லூக்காவில் மட்டும்தான் இருக்கிறது.

பின்னணியில் ஒன்று: 35-ஆம் வசனத்து "இரண்டு பணம்" இரண்டு தெனாரியு. மத்தேயு 20:2-இல் ஒரு தெனாரியு ஒரு நாள் கூலி. தோட்டத்தில் பேர் போட்டு, அதாவது நாட்கணக்கில், சம்பளம் வாங்கிய குடும்பங்களுக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம்.

எழுத்தெண்ணி

கிரேக்கத்தைப் பற்றி. தமிழ் தெரிந்தவருக்கு இதில் ஒரு லாபம், ஒரு நட்டம்.

எப்சிலோனும் ஈட்டாவும் நம் எ, ஏ மாதிரி. ஓமிக்ரோனும் ஓமேகாவும் ஒ, ஓ மாதிரி. குறில் நெடில் நமக்கு இயல்பு. நட்டம் மெய்யெழுத்தில். பை-பீட்டா, டௌ-டெல்டா, காப்பா-காமா ஆகிய மூன்று ஜோடிகளையும் தமிழ் எழுத்தில் எழுதிப் பழகினால் ப, ட, க என்று ஒன்றாகிவிடும். பிறகு அகராதியில் தேடும்போது சொல் கிடைக்காது. ஆகவே முதல் நாளிலிருந்தே கிரேக்க எழுத்தில் மட்டும் எழுதுங்கள். 24 எழுத்துதான், ஒரு வாரம் போதும்.

புதிய ஏற்பாட்டில் 50 தடவைக்கு மேல் வரும் சொற்கள் 300-க்குச் சற்று அதிகம். பக்கத்தில் இருக்கும் சொற்களில் ஐந்தில் நான்கு பங்கு இவைதான். வாரத்துக்கு 15 என்று எடுத்தால் ஏறக்குறைய ஐந்து மாதம். ஷிப்ட் வேலைக்கு அதற்கு மேல் தாங்காது.

இந்தப் பகுதியில் உங்களால் இப்போதே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 33, 34 வசனங்களில் முற்றுவினை எது, எச்சம் எது என்று பிரியுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் "கண்டு, மனதுருகி" என்று எல்லாம் வினையெச்சமாக ஓடும். கிரேக்கத்தில் "கண்டு" எச்சம், "மனதுருகினான்" முற்று. பிறகு "கிட்ட வந்து" எச்சம், "காயங்களைக் கட்டினான்" முற்று. எண்ணெயும் திராட்சரசமும் "வார்த்து" எச்சம். மிருகத்தின்மேல் "ஏற்றி" எச்சம், "கொண்டுபோனான்", "பராமரித்தான்" முற்று. லூக்கா எதில் அழுத்துகிறார் என்று இதை வைத்து எழுதலாம். முற்றுவினை எது என்று இன்டர்லீனியர் உரையிலேயே (கிரேக்க வரிக்குக் கீழே சொல்லுக்குச் சொல் பொருள் தரும் பதிப்பு) குறிப்பு இருக்கும்.

ஆனால் இன்டர்லீனியரும் ஸ்ட்ராங் எண்ணும் (ஒவ்வொரு மூலச் சொல்லுக்கும் அகராதி எண் தரும் முறை) ஓர் இடத்தில் காலை வாரும். "மனதுருகி" என்பதன் கிரேக்கச் சொல் குடலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. "பெற்ற வயிறு பற்றி எரிகிறது" என்று சொல்கிற நமக்கு அது இனிக்கும். உடனே ஒரு பக்கம் எழுதத் தோன்றும். வேர் பொருளாகிவிடாது. லூக்காவில் அந்த வினை 7:13, 10:33, 15:20 என்று மூன்று தடவைதான் வருகிறது. மூன்றையும் வாசித்து, மூன்றிலும் "கண்டு" என்பதற்கு அடுத்து அது வருவதைக் காட்டுங்கள். அந்த ஒரு பத்திக்கே நல்ல மதிப்பெண் கிடைக்கும்.

சிப்புட் வாசகன்

மிக்க நன்றி அண்ணன்மாரே. ஒரு சந்தேகம். ஆசாரியன் பிணத்தீட்டுக்குப் பயந்து, ஆலயப் பணி கெட்டுவிடும் என்று விலகினான் என எழுதலாமா? பல பிரசங்கங்களில் அப்படித்தான் வருகிறது.

வேதபாடம்

எழுதலாம், ஆனால் எதிர்வாதத்தையும் சேர்த்து எழுத வேண்டும். லேவியராகமம் 21:1-4 ஆசாரியருக்குப் பிணத்தீட்டைத் தடுக்கிறது, உண்மைதான். ஆனால் 31-இல் கிரேக்கம் "இறங்கிப் போனான்" என்கிறது, 30-இல் அடிபட்டவனுக்கு வரும் அதே வினை. எருசலேம் மலைமேல், எரிகோ பள்ளத்தாக்கில். அப்படியானால் ஆசாரியன் எருசலேமை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறான். ஆலயப் பணிக்குப் போகிறவன் என்ற வாதம் அங்கேயே தளர்கிறது. லேவியனுக்கோ அந்தச் சட்டமே சொல்லப்படவில்லை. அடிபட்டவனும் "குற்றுயிர்", பிணம் அல்ல. லூக்கா காரணம் எதையும் சொல்லவில்லை என்பதையும் ஒரு வரியில் பதியுங்கள்.

பதிவாளர் மேசை

மேற்படிப்பு விஷயம். மூன்று அங்கீகாரத்தைப் பிரித்துப் பாருங்கள்: எம்கியூஏ (மலேசியத் தகுதி முகமை), இறையியல் கல்லூரிகளுக்கான ஆசிய அமைப்புகள் (ஏடிஏ, அட்டேசியா), உங்கள் சபை. ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்று நினைக்கக் கூடாது. எம்கியூஏ பதிவேட்டில் பாடத்தின் பெயரையே தேடுங்கள். கல்லூரியின் பெயர் மட்டும் போதாது. குருப்பட்டம் நோக்கமானால் முதலில் சபைத் தலைமையிடம் எந்தக் கல்லூரியை ஏற்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். பணம் கட்டிய பிறகு கேட்பது தாமதம்.

உள்நாட்டில் 1979-இல் தொடங்கிய செமினாரி தியோலோஜி மலேசியா சிரம்பானில் இருக்கிறது. தமிழ்வழியில் ஆழமாகப் படிக்க மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி, 1969-இல் தொடங்கியது, பட்டம் வழங்கும் செராம்பூர் கல்லூரியுடன் இணைந்தது. செராம்பூர் கல்லூரி 1818-இல் உருவானது. பட்டம் வழங்கும் உரிமை 1827-இல் டென்மார்க் அரசரின் சாசனத்தால் வந்தது. இந்தியாவுக்குப் போவதானால் மாணவர் விசா வேண்டும், சுற்றுலா விசாவில் சேர முடியாது.

இப்போதே செய்ய வேண்டியது: ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத் தாளையும் மதிப்பெண் தாளையும் கோப்பில் வையுங்கள். கிரெடிட் (படித்து முடித்த பாடங்களுக்கான மதிப்பு) வேறு கல்லூரிக்கு மாற்றும்போது டிப்ளோமா சான்றிதழை மட்டும் பார்க்க மாட்டார்கள். எத்தனை மணி நேரம், என்னென்ன நூல்கள், எத்தனை சொல் கட்டுரை என்று கேட்பார்கள். இந்த லூக்கா கட்டுரையின் திருத்திய பிரதியும் அதில் இருக்கட்டும்.