மாடல் டி ஸ்பீட்ஸ்டர்: டேங்க்கை எங்கே வைப்பது?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவில் ஒஹாயோ பக்கம் இருக்கிறேன். 1924 ஃபோர்டு மாடல் டி சேஸி ஒன்று கிடைத்தது. பாடி இல்லை, ஆனால் எஞ்சின் ஓடுகிறது. அந்தக் காலத்து இளவட்டங்கள் செய்தது போல இரண்டு சீட், உருண்டை டேங்க், கதவே இல்லாத ஸ்பீட்ஸ்டராக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

சிக்கல் பெட்ரோலில்தான். இந்த வண்டியில் பம்ப் கிடையாது. டேங்க்கிலிருந்து கார்புரேட்டருக்குத் தானாக இறங்கி வர வேண்டும். சீட்டுக்கு அடியில் டேங்க் இருந்த ஒரிஜினல் வண்டியையே, பெட்ரோல் குறைவாக இருந்தால், டேங்க் கார்புரேட்டரைவிட உயரத்தில் இருக்கட்டும் என்று செங்குத்தான மேட்டில் ரிவர்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். நானோ சீட்டைத் தாழ்த்தி, டேங்க்கை இன்னும் பின்னால் தள்ளுகிறேன். சேஸிக்கு மேலே எவ்வளவு உயரத்தில் வைத்தால் மேட்டில் திணறாது? எலக்ட்ரிக் பம்ப் மட்டும் சொல்லாதீர்கள், 20 குதிரைசக்தி வண்டிக்கு அது அசிங்கம்.

அப்புறம் பிரேக். மிதி பிரேக் கியர்பாக்ஸுக்குள்தான் பிடிக்கிறது, அந்தப் பிடி பின் ஆக்ஸில் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. ஆக்ஸிலில் ஏதாவது உடைந்தால் பிரேக்கும் போச்சு. அதனால் ஆக்ஸிலில் இருக்கும் பழைய பேபிட் (மென்மையான உலோகக் கலவை) வாஷர்களைக் கழற்றிவிட்டு வெண்கலம் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன். பின் சக்கரங்களுக்குத் தனி பிரேக் மாட்டியவர்கள் இருந்தால் தயவுசெய்து படம் போடுங்கள். ஸ்டியரிங் கம்பத்தைச் சாய்த்தவர்கள் என்ன கோணத்தில் வைத்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.