இணைக் காரமா, வழிக்காரமா? அமிலப் பாடத்துக்கு ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

'இணை அமிலம், இணைக் காரம்' பற்றிய இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். (ஓர் அமிலம் ஒரு புரோட்டானை, அதாவது ஹைட்ரஜன் அணுக்கருவை, இழந்தபின் இருப்பது அதன் இணைக் காரம். ஒரு காரம் ஒரு புரோட்டானை ஏற்றபின் உருவாவது அதன் இணை அமிலம்.) இருக்கிற 'இணை'யே போதும் என்கிறார் ஒருவர். மாற்றாகத் 'துணைக்காரம்', 'மறுகாரம்', 'எஞ்சுகாரம்' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறவள் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 'இணை' மாற வேண்டும் என்பதே என் கட்சி. அதற்கு மாற்றாக 'வழிக்காரம்', 'வழியமிலம்' என்ற இரண்டையும் முன்வைக்கிறேன்.

ஏன் மாற்ற வேண்டும்? ஓர் எளிய கேள்வியை எடுத்துக்கொள்வோம். "அசிட்டிக் அமிலம் நீரில் கரைகிறது. அதன் இணைக் காரம் எது?" விடை அசிட்டேட் அயனி. தவறாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை எழுதுகிறார்கள்: "நீர்", அல்லது "சோடியம் ஹைட்ராக்சைடு". இரண்டுமே யோசித்து எழுதிய விடைகள்தாம். சமன்பாட்டின் இடப்பக்கத்தில் அமிலத்துக்கு அருகில் நிற்கும் காரம் நீர். அப்படியானால் அதுதானே அமிலத்தின் இணை? ஆய்வகத்தில் அசிட்டிக் அமிலத்தோடு எப்போதும் சேர்ந்து வருவது சோடியம் ஹைட்ராக்சைடு. அப்படியானால் அதுதானே? மாணவர் சொல்லை நம்பிப் போயிருக்கிறார். சொல்தான் அவரைக் கைவிட்டுவிட்டது. இணைகோடு, இணைப் பேராசிரியர், இணைபிரியாத நட்பு என்று எங்கு பார்த்தாலும் பக்கத்தில் நிற்பதும் கூடவே வருவதும்தான் 'இணை'. ஒன்றிலிருந்து மற்றொன்று வருகிறது என்ற பொருள் அதில் கிடையாது. அப்புறம், பிணைப்புப் பாடத்தில் 'இணையாகாத எலக்ட்ரான்' என்று வேறு எழுதுகிறோம். அடுத்தடுத்த பாடங்களில் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது.

இனி, 'இணை'யே போதும் என்றவரின் வாதம்:

> பெயர் என்பது வெறும் அடையாளம். ஆக்சிஜன் என்ற பெயருக்கே 'அமிலத்தை உண்டாக்குவது' என்றுதான் பொருள். அது தவறு என்று தெரிந்த பிறகும் பெயரை யாரும் மாற்றவில்லையே?

நல்ல கேள்வி. எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் இருக்கும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே நம்பினார், அப்படியே பெயரும் வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்று பின்னால் தெரிந்தது. 1810-ல் ஹம்ப்ரி டேவி குளோரினை ஒரு தனிமம் என்று எடுத்துரைத்ததோடு அந்தக் கொள்கை ஆட்டம் கண்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஏனென்றால் இன்று ஆக்சிஜன் என்று கேட்கிற யாருக்கும் அந்தக் கிரேக்க வேர் காதில் விழுவதில்லை. நம் நிலை அப்படியா? 'இணை' என்பது அன்றாடம் புழங்கும் தமிழ்ச்சொல். கேட்ட உடனே பொருள் வந்துவிடுகிறது, அதுவும் தவறான பொருள். கடன்வாங்கிய பெயரில் பொருள் பிசகினால் தாங்கலாம். தாய்மொழியில் ஆக்கிய சொல்லில் பிசகினால் அது நேரே பாடத்தில் போய் முட்டுகிறது.

சரி, நடப்பது என்ன என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். சொல்லை அதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

அசிட்டிக் அமிலத்தின் ஹைட்ராக்சில் தொகுதியில் உள்ள ஆக்சிஜனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கார்பனோடு பிணைப்பு, மறுபக்கம் ஹைட்ரஜனோடு பிணைப்பு, அது போகப் பிணைப்பில் சேராத இரண்டு தனித்த எலக்ட்ரான் இரட்டைகள். எட்டு எலக்ட்ரான் கணக்கு சரியாக இருக்கிறது. ஆக்சிஜனின் எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பு எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறன்) பாலிங் அளவீட்டில் 3.44, ஹைட்ரஜனுக்கு 2.20. எனவே பிணைப்பு எலக்ட்ரான்கள் ஏற்கெனவே ஆக்சிஜன் பக்கம் சாய்ந்தே இருக்கின்றன. ஒரு நீர் மூலக்கூறு நெருங்கி வந்து, தன் ஆக்சிஜனில் உள்ள ஒரு தனித்த இரட்டையை அந்த ஹைட்ரஜனை நோக்கி நீட்டுகிறது. ஹைட்ரஜன் அணுக்கரு நீரிடம் போய்விடுகிறது. போவது புரோட்டான் மட்டும். அதைப் பிடித்து வைத்திருந்த இரண்டு எலக்ட்ரான்களும் பழைய ஆக்சிஜனிடமே தங்கிவிடுகின்றன. இரண்டு தனித்த இரட்டை இருந்த இடத்தில் இப்போது மூன்று, கூடவே ஓர் எதிர்மின்சுமை. அந்த மூன்றாவது இரட்டை இருக்கிறதே, அதுதான் அசிட்டேட்டின் காரத்தன்மை. வேறொரு புரோட்டான் வந்தால் அதைப் பிடிக்கப் போவது அது. அந்தப் பக்கம் நீரின் ஆக்சிஜன் இரண்டில் ஒரு தனித்த இரட்டையைச் செலவழித்து ஹைட்ரோனியம் ஆகியிருக்கிறது.

பிணைப்புப் பாடத்தையும் அமிலப் பாடத்தையும் தனித்தனியாகப் படித்துவிட்டு வருகிற மாணவருக்கு, இரண்டும் ஒன்றுதான் என்று தெரிகிற இடம் இது. பிணைப்பை உடைத்து எலக்ட்ரான் இரட்டையை ஒரு பக்கமாக விட்டுவிட்டுப் போவதே அமிலத்தின் வேலை. புரோட்டானைக் கொடுப்பது அமிலம், ஏற்பது காரம் என்ற வரையறையைப் பிரான்ஸ்டட், லௌரி இருவரும் தனித்தனியே சொன்னதும், எலக்ட்ரான் இரட்டையை ஏற்பது அமிலம், கொடுப்பது காரம் என்று லூயிஸ் சொன்னதும் ஒரே 1923-ல்தான். எனக்கு இது எப்போது சொன்னாலும் அலுக்காத செய்தி.

'எஞ்சுகாரம்' என்று முன்மொழிந்தவர் இதை நன்றாகவே பார்த்திருக்கிறார். புரோட்டான் போன பின் எஞ்சுவது, எலக்ட்ரான் இரட்டையும் எஞ்சுகிறது. அழகான வினைத்தொகை. அதை ஏற்க முடியாமல் போவதற்கு இரண்டு தடைகள். காரத்தை அளவு தெரிந்து அதிகமாகவே சேர்த்து, வினைபடாமல் மிஞ்சியதைத் தரம் பார்க்கும் ஆய்வு முதலாண்டிலேயே வருகிறது. அங்கே 'எஞ்சிய காரம்' என்று நாளுக்கு நூறு தடவை சொல்கிறோம். எழுத்தில் வேறுபாடு இருக்கலாம், வாயில் சொல்லும்போது இரண்டும் குழம்பும். இன்னொரு தடை, இதற்கு ஜோடியாக அமிலப் பெயர் அமையவில்லை. அமோனியா புரோட்டானை ஏற்று அமோனியம் ஆகும்போது எதுவும் எஞ்சுவதில்லை, கூடுகிறது. அவரே சொன்ன 'ஏற்றமிலம்' படிக்கும்போது 'ஏற்ற மிலம்' என்று பிரிந்துவிடுகிறது.

'துணைக்காரம்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'இணை'யில் உள்ள குறை அப்படியே இதிலும் இருக்கிறது, போதாததற்குத் தரத்தில் ஒரு படி குறைந்தது என்ற தொனியும் சேர்கிறது. 'மறுகாரம்' மறுதேர்வு, மறுபதிப்பு போல 'மீண்டும் ஒரு காரம்' என்று கேட்கிறது.

இனி 'வழி'. இலக்கண மரபில் முதல்நூல், வழிநூல் என்று சொல்வோம். முதல்நூலை ஒட்டி, அதிலிருந்து வேண்டிய மாற்றத்தோடு பிறந்தது வழிநூல். வழித்தோன்றல் என்பதும் அதே 'வழி'. அசிட்டிக் அமிலத்தின் வழிக்காரம் அசிட்டேட். அமோனியாவின் வழியமிலம் அமோனியம். 'வழி' என்று சொன்ன உடனே 'எதன் வழி?' என்று கேட்காமல் இருக்க முடியாது. எனக்கு வேண்டியது அந்தக் கேள்விதான். அதைக் கேட்கிற மாணவர் "நீர்" என்று எழுத மாட்டார், ஏனென்றால் நீர் அசிட்டிக் அமிலத்திலிருந்து வரவில்லை.

கணிதத்தில் 'இணைக் கலப்பெண்' இருக்கும்போது வேதியியலில் மட்டும் ஏன் வேறு சொல் என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். ஒரு கலப்பெண்ணுக்கு ஓர் இணைதான் உண்டு, அங்கே அந்தச் சொல் பொருந்துகிறது. இங்கே பைகார்பனேட் அயனியைப் பாருங்கள். ஒரு புரோட்டானைக் கொடுத்தால் கார்பனேட், ஒன்றை ஏற்றால் கார்பானிக் அமிலம். "பைகார்பனேட்டின் இணை எது?" என்றால் விடை சொல்ல முடியாது. அதன் வழிக்காரம் கார்பனேட், அதன் வழியமிலம் கார்பானிக் அமிலம் என்றால் ஐயமே இல்லை. நீரும் அப்படித்தான்: வழிக்காரம் ஹைட்ராக்சைடு, வழியமிலம் ஹைட்ரோனியம். 'இணைக் காரம்' என்றாலும் இதே வேறுபாடு கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும்தான். ஆனால் பின்னொட்டு ஒன்றுதான் அங்கே பாரத்தைச் சுமக்கிறது, முன்னொட்டு எந்த உதவியும் செய்வதில்லை.

ஒரு தடையை நானே சொல்லிவிடுகிறேன். கரிம வேதியியலில் 'வழிப்பொருள்' என்று எஸ்ட்டர், அமைடு, அமிலக் குளோரைடு போன்றவற்றைச் சொல்கிறவர்கள் உண்டு. அசிட்டிக் அமிலத்திலிருந்து எப்படியோ கிடைத்த எதுவும் வழிப்பொருள் ஆகிவிடும். வழிக்காரத்துக்கு அந்தத் தாராளம் கூடாது. வேறுபாடு ஒரே ஒரு புரோட்டானாக இருக்க வேண்டும். சல்பியூரிக் அமிலத்தின் வழிக்காரம் பைசல்பேட் மட்டுமே. சல்பேட் இரண்டு புரோட்டான் தள்ளி நிற்கிறது, அது பைசல்பேட்டின் வழிக்காரம். இதைச் சொல்லே காட்டாது, வரையறையில் எழுதித்தான் ஆக வேண்டும்.

இந்தச் சொல்லால் எனக்குக் கிடைக்கும் பெரிய லாபம் அமில வலிமையைச் சொல்லித்தரும்போதுதான். எத்தனால், அசிட்டிக் அமிலம் இரண்டிலும் உடைவது ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு. ஆனால் எத்தனாலின் பிகேஏ (அமில வலிமையின் அளவு, எண் குறையக் குறைய வலிமை கூடும்) ஏறத்தாழ 16, அசிட்டிக் அமிலத்துக்கு 4.76. பத்தின் அடுக்கில் 11 படி வேறுபாடு! காரணத்தை அமிலத்துக்குள் மட்டும் தேடினால் முழுதாகக் கிடைக்காது, வழிக்காரத்தைப் பார்க்க வேண்டும். எத்தாக்சைடில் எதிர்மின்சுமை ஒரே ஆக்சிஜன் மேல் குந்தியிருக்கிறது. அசிட்டேட்டில் அது உடனிசைவால் (எலக்ட்ரான்கள் ஒரே இடத்தில் நில்லாமல் பரவுவதால்) இரண்டு ஆக்சிஜன்களுக்கும் பங்காகிறது. பிணைப்பு நீளத்தையே அளந்து காட்டலாம். அசிட்டிக் அமிலத்தில் ஒரு கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு ஏறத்தாழ 1.21 ஆங்ஸ்ட்ராம், மற்றது 1.36. அசிட்டேட்டில் இரண்டும் சமமாகி 1.26 அளவில் நிற்கின்றன. மின்சுமையைப் பரப்பி வைத்திருக்கும் வழிக்காரம் புரோட்டானைத் திரும்பப் பிடிக்க அவசரப்படுவதில்லை, அதனால் அமிலம் வலிமை கூடுகிறது.

எல்லாவற்றுக்கும் இது ஒன்றே விடை என்று சொல்லிவிடவும் கூடாது. ஹைட்ரஜன் ஃபுளூரைடில் பிணைப்பின் முனைவுத்தன்மை (எலக்ட்ரான்கள் ஒரு பக்கம் சாய்வது) மிக அதிகம், அதனால் அதுவே வலிமையான அமிலம் என்று மாணவர்கள் எழுதுவார்கள். அதன் பிகேஏ 3.2 அளவு, வலிமை குறைந்த அமிலம். ஹைட்ரஜன் அயோடைடோ மிக வலிமையானது. முன்னதன் பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 570 கிலோஜூல் வேண்டும், பின்னதற்கு 300 போதும். இங்கே அமிலத்தின் பிணைப்பையும் பார்க்க வேண்டும், பெரிய அயோடைடு அயனியில் மின்சுமை பரவிக்கிடப்பதையும் பார்க்க வேண்டும்.

"வலிமை குறைந்த அமிலத்தின் இணைக் காரம் வலிமையானது" என்று பல குறிப்பேடுகளில் பார்க்கிறேன். இந்த வாக்கியத்தை எந்தச் சொல்லை வைத்து எழுதினாலும் தவறுதான். அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி (நீரில் எந்த அளவுக்குப் புரோட்டானைக் கொடுக்கிறது என்று காட்டும் எண்) 1.8 × 10⁻⁵. 25 டிகிரி செல்சியஸில் அமில மாறிலியையும் அதன் வழிக்காரத்தின் மாறிலியையும் பெருக்கினால் 1.0 × 10⁻¹⁴ வர வேண்டும். எனவே அசிட்டேட்டின் மாறிலி 5.6 × 10⁻¹⁰. அதாவது அசிட்டேட்டும் வலிமை குறைந்த காரமே. "அமிலத்தின் வலிமை குறையக் குறைய வழிக்காரத்தின் வலிமை கூடும்" என்று ஒப்பீடாகச் சொன்னால் போதும். கலைச்சொல் பட்டியலில் எடுத்துக்காட்டு வாக்கியம் சேர்ப்பதாக இருந்தால் இதைச் சேர்க்க வேண்டுகிறேன்.

லூயிஸ் அமிலங்களுக்கும் இந்தச் சொல் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம். போரான் டிரைஃபுளூரைடும் அமோனியாவும் சேரும்போது புரோட்டான் எதுவும் இடம் மாறவில்லை. அமோனியா தரும் எலக்ட்ரான் இரட்டையால் ஈதல் சகப்பிணைப்பு ஒன்று உருவாகிறது, அவ்வளவுதான். அங்கே வழிக்காரம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

இலங்கை நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வழக்கில் 'காரம்' நீரில் கரைகிறவற்றுக்கு மட்டும், பொதுப்பெயர் 'மூலம்'. தமிழ்நாட்டில் பொதுப்பெயர் 'காரம்', நீரில் கரைகிறவை 'எரிகாரம்'. ஆகவே உங்களுக்கு இது 'வழிமூலம்' ஆக வேண்டும். ஆனால் மூலம் என்றால் தொடக்கம், வழி என்றால் தொடக்கத்திலிருந்து வந்தது. இரண்டையும் ஒட்டினால் ஒன்றையொன்று வெட்டுவதுபோல எனக்குப் படுகிறது. வகுப்பில் அன்றாடம் 'மூலம்' என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அப்படித் தோன்றுகிறதா, இல்லையா? 'வழிவந்த மூலம்' என்று விரித்தால் சரியாகுமா? நீங்கள் சொல்வதை வைத்துத்தான் பட்டியலில் இரண்டு வழக்கையும் ஒரே பதிவில் தருவதா, தனித்தனியாகத் தருவதா என்று முடிவு செய்ய முடியும்.

பட்டியலுக்கு நான் தரும் வரையறை இது:

வழிக்காரம்: ஓர் அமிலம் ஒரு புரோட்டானை இழந்தபின் இருக்கும் மூலக்கூறு அல்லது அயனி. புரோட்டானைப் பிணைத்திருந்த எலக்ட்ரான் இரட்டை இதனிடமே தங்கும்.

வழியமிலம்: ஒரு காரம் தன் எலக்ட்ரான் இரட்டையால் ஒரு புரோட்டானை ஏற்றபின் உருவாகும் மூலக்கூறு அல்லது அயனி.

இரண்டையும் சேர்த்துக் குறிக்க 'வழி அமிலகார இரட்டை' என்று எழுதிப் பார்த்தேன், நீளமாக இருக்கிறது. 'அமிலகார இரட்டை' என்றாலே போதும் என்பது என் எண்ணம். சுருக்கமாக வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். ஈரியல்பு ஆக்சைடுகளையும் (அமிலம், காரம் இரண்டோடும் வினைபுரிபவை) பைகார்பனேட் வகையையும் ஒரே பெயரால் சொல்லலாமா என்ற கேள்விக்கு வேறு இழை தொடங்குகிறேன். துத்தநாக ஆக்சைடிடம் கொடுப்பதற்குப் புரோட்டானே கிடையாது, அதை இங்கே இழுத்தால் பேச்சு திசைமாறிவிடும்.

அன்புடன்