பி.டி. கத்தரிக்காய்: மக்களிடம் பேசிய முறை சரியா?

மருதன்:
காய்த்துளைப்பான் புழுவைக் கொல்லும் புரதத்தை உண்டாக்கும் பாக்டீரியா மரபணு சேர்க்கப்பட்டது பி.டி. கத்தரிக்காய். 2009 அக்டோபர் 14 அன்று மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அதைப் பயிரிட இசைவு தந்தது. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 7 நகரங்களில் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடத்தி, 2010 பிப்ரவரி 9 அன்று அதை நிறுத்திவைத்தார். இதை முன்மாதிரி என்று சிலர் போற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு புரதம் உடலுக்குத் தீங்கானதா என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். அரங்கில் எழும் கூச்சல் அல்ல.

பொன்னி:
ஐயா, அங்கே எழுந்தவை புரதத்தைப் பற்றிய கேள்விகள் மட்டுமல்ல. விதை யார் கையில் இருக்கும் என்ற கேள்விக்கு எந்த ஆய்வுக்கூடத்திலும் விடை கிடைக்காது. மஹிகோ என்ற தனியார் விதை நிறுவனம் உருவாக்கியவை, ஒவ்வொரு முறையும் விதையை வாங்க வேண்டிய வீரிய ஒட்டு ரகங்கள். அதே மரபணுவைக் கொண்டு கோவை, தார்வாட் வேளாண் பல்கலைக்கழகங்கள் உருவாக்கியவையோ, உழவர் தாமே விதையெடுத்து அடுத்த பருவத்தில் விதைக்கக்கூடிய ரகங்கள். உழவரிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டிய செய்தி இதுதான் என்பேன். பாதுகாப்புச் சோதனைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் இது பின்னுக்குப் போய்விட்டது.

மருதன்:
ஆனால் நிறுத்திவைத்ததன் விலையைக் கொடுப்பவரும் அதே உழவர்தானே? காய்த்துளைப்பான் புழு முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்திலேயே தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். உள்ளே போனபின் மருந்து அதை எட்டாது. அதனால்தான் திரும்பத் திரும்பத் தெளிக்கிறார்கள். வங்கதேசம் 2013இல் ஒப்புதல் அளித்து, 2014 ஜனவரியில் 20 உழவர்களுக்கு நாற்றுகளை வழங்கியது. அங்கே பயிர் பரவியது. இங்கே கோப்பு உறங்குகிறது.

பொன்னி:
அந்த நாற்றுகளைக் கொடுத்தது அந்நாட்டின் அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். விதை யார் கையில் இருக்கிறது என்பதே முக்கியம் என்று நான் சொல்வதற்கு நீங்களே சான்று தருகிறீர்கள்.

தணிகை:
ஆட்சியாளர்களிடம் பேசிய விதத்தையும் மறக்க வேண்டாம். நாட்டின் 6 அறிவியல் கழகங்கள் 2010இல் அமைச்சருக்கு அளித்த கூட்டறிக்கையில், முன்பே வெளிவந்த ஆதரவுக் கட்டுரை ஒன்றின் பகுதிகள் அப்படியே இடம்பெற்றிருந்தது அம்பலமானது. அமைச்சரே அதிருப்தியை வெளிப்படுத்தினார். ஒரு துறை முழுவதும் சேர்ந்து பேசக் கிடைத்த வாய்ப்பு அப்படி வீணானதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

மருதன்:
அந்த அறிக்கையை நானும் காக்கப் போவதில்லை. ஆனால் மக்களிடம் எந்தக் கட்டத்தில் பேச வேண்டும் என்கிறீர்கள்? ஆய்வு முடியுமுன் பேசினால் வதந்திதான் மிஞ்சும்.

பொன்னி:
வயல்வெளிச் சோதனைக்கு முன்பே பேச வேண்டும். மஹிகோவின் பாதுகாப்புத் தரவுகள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே போராடிய பிறகுதான் 2008இல் பொதுவெளிக்கு வந்தன. கேட்டபோதே கொடுத்திருந்தால் வெளி ஆய்வாளர்கள் குறைகளை அமைதியாகச் சுட்டிக்காட்டியிருப்பார்கள். நிறுவனமும் சோதனைகளைத் திருத்திக்கொண்டிருக்கும். இசைவு தந்த பிறகு கூட்டம் போட்டால், அங்கே வருபவருக்கு ஆதரிப்பது அல்லது எதிர்ப்பது என்ற இரண்டு வழிகள்தான் மிஞ்சுகின்றன.