கமிஷனே வாங்காத ஏஜெண்டாம்! சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

கணக்குப்புலி:
வீட்டுக்கு டைல்ஸும் சோபாவும் சீனாவிலிருந்து இறக்க எந்த ஏஜெண்டைப் பிடிக்கலாம் என்று புதுமனை என்பவர் இங்கே நேற்று கேட்டிருந்தார். அதற்குக் கடல்வணிகன் சொன்ன பதில்: "வாங்குபவரிடம் கமிஷனே கேட்காத ஏஜெண்டைத் தேடுங்கள். அவர்தான் நேர்மையானவர்." இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. சீனாவின் டைல்ஸ், பர்னிச்சர் நகரமான போஷானில் அலுவலகம் போட்டு, ஆள் வைத்து, வண்டி வைத்து, உங்களை நாலு நாள் ஷோரூம் ஷோரூமாகக் கூட்டிக்கொண்டு அலைகிறவர் காற்றைக் குடித்தா உயிர் வாழ்கிறார்? தொழிற்சாலை கொடுக்கிறது. அது எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறது? உங்கள் விலையில் ஏற்றித்தான். தொழிற்சாலை போட்ட ஒரிஜினல் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் நேர்மையைப் பற்றிப் பேசலாம்.

கடல்வணிகன்:
என் ஒரு வரிக்கு ஒரு தனி விவாதமே தொடங்கியதற்கு நன்றி ஐயா. வெளிநாட்டில் விற்பனை ஆள் போடுவதற்குப் பதிலாகத் தொழிற்சாலை ஏஜெண்டுக்கு ஒரு பங்கு தருகிறது. நீங்கள் தனியாகப் போய் நின்றாலும் விலையைக் குறைத்துச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பங்கு அவர்கள் பையிலேயே தங்கிவிடும், அவ்வளவுதான். மாதாமாதம் கண்டெய்னர் எடுக்கிற ஏஜெண்டுக்குக் கிடைக்கிற விலை, வாழ்நாளில் ஒருமுறை வீடு கட்டுகிறவருக்குக் கிடைக்காது.

கணக்குப்புலி:
பில்லைக் காட்டுவாரா, மாட்டாரா? அதற்குப் பதில் எங்கே?

என் கதையைச் சொல்கிறேன். எனக்கும் ஒரு "இலவச" ஏஜெண்ட் வாய்த்தார். போஷானின் பர்னிச்சர் சந்தையான லெசோங்கில் கடை கடையாக நடந்தோம். ஒவ்வொரு கடையிலும் நான் உட்காரும் முன் அவர் தன் விசிட்டிங் கார்டைக் கல்லாவில் கொடுப்பார். ஏதோ மரியாதை என்று நினைத்தேன். அதே சாப்பாட்டு மேசையை இரண்டு மாதம் கழித்து என் நண்பர் வேறு ஆள் மூலம் விசாரித்தபோது பத்தில் ஒரு பங்கு குறைவாகச் சொன்னார்கள். அந்தக் கார்டுக்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது: "இவர் நான் கூட்டி வந்த ஆள், என் பங்கையும் விலையில் ஏற்று." தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது தானமே இல்லை சாமி, பல்லைப் பார்த்தே ஆக வேண்டும்.

கடல்வணிகன்:
உங்கள் நண்பருக்குச் சொன்னது எந்த விலை? எக்ஸ்-வொர்க்ஸா, எஃப்.ஓ.பி.யா? எக்ஸ்-வொர்க்ஸ் என்றால் தொழிற்சாலை வாசலோடு அவர்கள் பொறுப்பு முடிந்தது. எஃப்.ஓ.பி. என்றால் துறைமுகம்வரை லாரி, ஏற்றுமதிச் சுங்கம், கப்பலில் ஏற்றும் செலவு எல்லாம் அதற்குள் வரும். இரண்டும் ஒன்றாக இருக்குமா? இது தெரியாமல் திருடன் திருடன் என்று கத்துகிறீர்கள்.

சொல்லாய்வன்:
இரு தரப்பும் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வாங்குபவருக்காக, அவரிடம் மட்டும் ஊதியம் பெற்று வேலை செய்பவர் முகவர். இரு பக்கமும் பெறுபவர் தரகர். தானே வாங்கித் தன் லாபம் வைத்து விற்பவர் வியாபாரி. சரக்கை ஏற்றி அனுப்புபவர் இன்னொருவர். நால்வரையும் "ஏஜெண்ட்" என்ற ஒரே சாக்கில் கட்டிவிட்டுச் சண்டை போடுகிறீர்கள்.

கணக்குப்புலி:
பெயர் எதுவாக இருந்தால் என்ன? பில்லைக் காட்டுவாரா?

தேக்கு:
புலி, நான் பில்லும் பார்த்தேன், அப்புறம் அழுதும் பார்த்தேன். என் ஏஜெண்ட் 5 சதவீதம் என்று வெளிப்படையாக எழுதி வாங்கினார், எல்லா பில்லையும் அனுப்பினார், ஒரு பெட்டியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. அலமாரிக் கதவுகள் வளைந்து வந்தன. டைல்ஸ் பெட்டிகளில் இரண்டு ஷேடு நம்பர். ஒரே மாடல்தான், ஒரே பெயர்தான், ஆனால் வெவ்வேறு நாள் சூளையில் வெந்தவை. கூடம் ஒரு நிறம், கூடத்தின் மூலை ஒரு நிறம். பில்லில் இதெல்லாம் தெரியுமா?

ஏஜெண்டிடம் கேட்க வேண்டியது சரக்குச் சோதனையைப் பற்றி. மொத்தச் சரக்கில் எத்தனையை எடுத்துச் சோதிப்பது என்று சொல்லும் ஐ.எஸ்.ஓ. 2859 அட்டவணைப்படி 500 நாற்காலி என்றால் வழக்கமான சோதனையில் 50-ஐ எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறைகளுக்கு ஏற்கத்தக்க அளவு 2.5 சதவீதம் என்று வைத்தால் அந்த 50-இல் 3 குறை வரை பொறுத்துக்கொள்ளலாம், நாலாவது வந்தால் மொத்தத்தையும் நிராகரிக்கலாம். 30 சதவீத முன்பணம் போக மீதி 70 சதவீதப் பணத்தைக் கட்டும் முன் இது நடக்க வேண்டும். கட்டிய பிறகு நடந்தால் அதற்குப் பெயர் சோதனை இல்லை, துக்கம் விசாரிப்பு.

கணக்குப்புலி:
தேக்கு அண்ணா, 40 அடி கண்டெய்னர் நிறைய டைல்ஸ் அடுக்கலாம் என்று போன வருடம் எல்லோருக்கும் பாடம் எடுத்தவர் நீங்கள்தானே? உங்களிடம் சோதனை பற்றிக் கேட்க வேண்டிய நிலைமை எங்களுக்கு!

தேக்கு:
நான் "நிறைய" என்று சொல்லவே இல்லை. "40 அடியில் டைல்ஸ் போட்டு மேலே பர்னிச்சர் வைக்கலாம்" என்றேன். தேடிப் பாருங்கள்.

கணக்குப்புலி:
"நிறைய" என்றுதான் இருந்தது. ஒரு சதுர மீட்டர் போர்சலின் டைல்ஸ் 20 கிலோவுக்கு மேல். 20 அடிப் பெட்டியே ஏறத்தாழ 27, 28 டன்னில் நின்றுவிடும், அதில் பாதி இடம்கூட நிரம்பாது. 40 அடிப் பெட்டிக்கு இடம் இரட்டிப்பு, எடை வரம்பு கிட்டத்தட்ட அதேதான். நிறைய அடுக்கினால் கிரேன் கயிறு அறுந்து போகும்.

தேக்கு:
அதனால்தானே மேலே சோபா வைக்கச் சொன்னேன்! எடையை டைல்ஸ் எடுத்துக்கொள்ளும், இடத்தைச் சோபா எடுத்துக்கொள்ளும். நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்கிறீர்கள். மூன்று வருடமாக இதே வழக்கம்தான் உங்களுக்கு.

புதுமனை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் பேசிக்கொண்டிருக்கும் ஏஜெண்ட் 30 சதவீத முன்பணத்தைத் தன் சொந்தக் கணக்கில் போடச் சொல்கிறார். கம்பெனிக் கணக்கு என்றால் தாமதமாகுமாம். போடலாமா?

கடல்வணிகன்:
பழகிய ஏஜெண்ட் என்றால் நடப்பதுதான்.

கணக்குப்புலி:
பார்த்தீர்களா, பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது! "நடப்பதுதான்" என்கிறார். கடல்வணிகன், நேராகக் கேட்கிறேன், நீங்களே ஏஜெண்டா?

கடல்வணிகன்:
நான் யாராக இருந்தாலும் சொல்வதில் தவறு இருந்தால் காட்டுங்கள். பில் பில் என்று உயிரை விடுகிறீர்களே, கமிஷனைச் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று என்று இரண்டு பில் போடத் தெரியாதா அவர்களுக்கு? உங்களிடம் காட்டியது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

கணக்குப்புலி:
ஆக, ஏஜெண்ட்தான். ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

இரண்டு பில் போடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் சரக்குப் பணம் தொழிற்சாலையின் கம்பெனிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும், ஏஜெண்டின் கூலி தனியாகப் போக வேண்டும். கணக்கின் பெயரும் உரிமத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீனக் கம்பெனி உரிமத்தில் 18 இலக்கப் பதிவுக் குறியீடு இருக்கும். தொழில் விவரத்தில் உற்பத்தி என்று இருக்கிறதா, வெறும் விற்பனை என்று இருக்கிறதா என்பதும் தெரியும். லெசோங்கில் "எங்கள் சொந்தத் தொழிற்சாலை" என்று சொல்கிற கடைகளில் பாதி, பக்கத்துக் கடையிலிருந்து வாங்கி விற்பவை என்பது என் அனுபவம்.

கடல்வணிகன்:
"ஒப்புக்கொண்டதற்கு நன்றி" என்று நீங்களே தீர்ப்பும் எழுதிக்கொள்கிறீர்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு பில் போடுவார்கள் என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் பில்லைக் காட்டுவாரா என்ற கேள்விக்கே பொருளில்லை.

கணக்குப்புலி:
காட்டாதவரைவிடக் காட்டுகிறவர் மேல். இது ஒரு குழந்தைக்கும் புரியும்.

சொல்லாய்வன்:
"பில்" என்று ஆளாளுக்கு வெவ்வேறு பொருளில் எழுதுகிறீர்கள். விலை மதிப்பீடா, விற்பனைச் சீட்டா, சுங்கத்துக்குக் கொடுக்கும் பட்டியலா? மூன்றும் வேறு.

கணக்குப்புலி:
ஐயா, நீங்கள் போய் அகராதி எழுதுங்கள்.

சொல்லாய்வன்:
எழுதத்தான் போகிறேன். "புலி" என்ற சொல்லுக்கு உங்களைத்தான் எடுத்துக்காட்டாகப் போடுவேன், உறுமல் மட்டும் என்ற பொருளில்.

தேக்கு:
சரக்கு வரும் மரப்பெட்டிக்கு, பூச்சியைக் கொல்லும் வெப்பச் சிகிச்சை முத்திரை இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா? மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும். முத்திரை இல்லாவிட்டால் இறங்கும் துறைமுகத்தில் மொத்தச் சரக்கையும் நிறுத்திவிடலாம். உங்கள் பில்லை அங்கே காட்டிப் பாருங்கள்.

கணக்குப்புலி:
அதைக் கவனிக்கத்தான் ஏஜெண்டுக்குக் கூலி. இலவச ஏஜெண்ட் யார் சொல்வதைக் கேட்பார்? சோறு போடுகிறவன் சொல்வதை. வளைந்த கதவைத் திருப்பி அனுப்பினால் அவர் பங்கும் சேர்ந்து போகும், பிறகு எப்படித் திருப்பி அனுப்புவார்?

தேக்கு:
என் வளைந்த கதவை அனுப்பியவர் கூலி வாங்கிய ஏஜெண்ட். எத்தனை முறை சொல்வது?

கடல்வணிகன்:
இதற்குப் பதில் சொல்லுங்கள் புலி. நான் கிளம்புகிறேன், வேலை இருக்கிறது.

கணக்குப்புலி:
இருக்கும் இருக்கும், கார்டு கொடுக்க வேண்டிய கடைகள் நிறைய. தேக்கு அண்ணன் ஆள் பார்த்து எடுக்கவில்லை, அது வேறு விஷயம்.

புதுமனை:
முன்பணம் இன்று காலையே அனுப்பிவிட்டேன். அந்தச் சொந்தக் கணக்குக்குத்தான்.

கணக்குப்புலி:
பில் கொடுத்தாரா?

கடல்வணிகன்:
மறுபடியும் பில்!

தேக்கு:
நான் "நிறைய" என்று எழுதியதாகச் சொன்னவர் அந்த வரியை இன்னும் எடுத்துப் போடவில்லை. காத்திருக்கிறேன்.