தேஜஸ், பைசன் போர் விமானங்கள்: பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் எழுதுங்கள்

யெலஹங்கா_ரவி:
2023 பிப்ரவரி, பெங்களூரு ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி. பையனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அமெரிக்காவின் எஃப்-35 முதன்முதலாக இங்கே வந்த வருடம் அது, கூட்டம் எந்தப் பக்கம் இருந்தது என்று உங்களுக்கே தெரியும். எனக்கு மனதில் நிற்பது ஒரு மேசை. நம் நாட்டிலேயே செய்த உத்தம் ராடாரின் முகத்தை மட்டும் தனியாக வைத்திருந்தார்கள். வட்டமான தட்டு, அதில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் பற்கள். "இது எப்படிப்பா சுத்தும்?" என்று பையன் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அங்கே நின்றிருந்தவர் தமிழ்க்காரர். "சுத்தாது தம்பி, இங்க பாரு" என்று மேசையில் விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டினார், சுண்டுவிரலில் ஆரம்பித்துக் கட்டைவிரல் வரை. "எல்லாம் ஒரே நேரத்துல தட்டினா அலை நேரா போகும். ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணு தட்டினா சாஞ்சு போகும். தட்டு அசையவே வேண்டாம்." அவ்வளவுதான் சொன்னார். இப்படித் தட்டு சுழலாமலே அலையைத் திருப்பும் ஏசா ராடார் பற்றி அதுவரை நான் படித்த கட்டுரை எதிலும் அது அப்படிப் புரியவில்லை. பையன் ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் தட்டிக்கொண்டே இருந்தான்.

தேஜஸ் உடம்பில் பெரும்பகுதி கார்பன் ஃபைபர், ராடார் அலையை உறிஞ்சிவிடும். அதோடு அதன் புது வடிவமான மார்க் 1ஏவில் இப்படி ஒரு கண்ணும் வந்தால் எப்படி இருக்கும்! அதைப் பக்கத்தில் பார்த்தவர்கள் யாராவது எழுதுங்களேன்.

பழைய_சார்ஜென்ட்:
மார்க் 1ஏ நான் பார்த்ததில்லை. பைசன் பார்த்திருக்கிறேன். மிக்-21ல் வேலை பார்த்தவன். எந்த ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு), எந்த வருடம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

பழைய மிக்-21 ராடாரில் வால்வுகள். சூடேறி நிலைக்கு வரவே நேரம் பிடிக்கும். அந்த உடம்பிலேதான் புது ராடார், எதிரி ராடாரைக் குழப்பும் புது ஜாமர், விமானி பார்க்கும் திசையில் குறிவைக்கும் ஹெல்மெட் சைட் எல்லாம் போட்டுப் பைசன் என்று பெயர் வைத்தார்கள். ஒருநாள் ஹேங்கரில் ஆர்-73 ஏவுகணையை மாட்டிச் சோதித்துக்கொண்டிருந்தோம். காக்பிட்டில் ஹெல்மெட் போட்ட அதிகாரி. நான் ஏவுகணையின் மூக்குக்கு எதிரே, கொஞ்சம் ஓரமாக நின்றிருந்தேன். அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கண்ணாடி மூக்குக்குள் இருந்த அந்தச் சின்னக் கண்ணும் என் பக்கம் திரும்பியது. நான் இரண்டடி நகர்ந்தேன். அதுவும் கூடவே வந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கண்தான் கனவில் வருகிறது.

2004ல் குவாலியரில் அமெரிக்கர்களின் எஃப்-15 கூடப் பயிற்சி நடந்ததே, கோப் இந்தியா. அவர்களை அசத்தியதில் பைசனுக்கும் பங்கு உண்டு. விமானம் சின்னது, கண்ணுக்கும் ராடாருக்கும் சீக்கிரம் அகப்படாது, கூடவே ஜாமர். சின்ன விமானத்துக்கு நல்ல கண் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அன்றே பார்த்தாயிற்று. 2025 செப்டம்பர் 26, சண்டிகரில் மிக்-21க்கு விடைகொடுத்ததை டிவியில் பார்த்தேன். வீட்டில் யாரிடமும் பேசவில்லை.

பீளமேடு_லேத்:
நான் விமானத்தைப் பார்த்ததில்லை, ஒரு துண்டைப் பார்த்திருக்கிறேன். கோவையில் ஒரு சின்னப் பட்டறையில் சிஎன்சி (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) ஓட்டிக்கொண்டிருந்தேன். அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுக்கும் வேலை. வரைபடத்தில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். விமானத்துக்கு என்று மட்டும் சொன்னார்கள்.

ஒன்பது மணி நேரம் ஓடிய துண்டு. கழற்றும்போது கிளாம்ப் லேசாக உரசிவிட்டது. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பரிசோதிக்க வந்தவர் கட்டைவிரல் நகத்தை மெதுவாக அதன்மேல் இழுத்தார். ஓரிடத்தில் நகம் நின்றது. "இங்கிருந்துதான் விரிசல் கிளம்பும்" என்றார். சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு ஓரமாக வைத்துவிட்டார். முதலாளி அன்றைக்குப் பேசியதை இங்கே எழுத முடியாது. அந்த மாதச் சம்பளத்திலும் பிடித்தார்கள். ஆனால் நகம் நின்ற இடத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. 

மார்க் 1ஏவுக்கு இறக்கைகள் கோவை எல்&டியிலிருந்தும், காற்றை உள்ளிழுக்கும் பகுதி எல்எம்டபிள்யூவிலிருந்தும் தேஜஸைக் கட்டும் எச்ஏஎல்லுக்குப் போயிருக்கிறது என்று செய்தி பார்த்தபோது விரல் தானாகவே மேசையைத் தடவியது. என் துண்டு தேஜஸுக்கா வேறு எதற்கா, இன்றுவரை தெரியாது.

கார்பன்_நாகராஜ்:
ரவி சார், ஒரு திருத்தம். கார்பன் ஃபைபர் ராடாரை உறிஞ்சாது. இதைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன், இங்கேயும் வந்துவிட்டது.

என் அனுபவம் சின்னது. கல்லூரிக் காலத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் எதிரொலி இல்லாத அறை இருந்தது, சுவரெல்லாம் கூம்பு கூம்பாகக் கறுப்பு நுரை. ஒரே அளவில் ஒரு அலுமினியத் தகடு, ஒரு கார்பன் தகடு. மாற்றி மாற்றி வைத்து அளந்தோம். திரையில் இரண்டு கோடும் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி அளந்தேன். அதே கோடுதான். கார்பன் இழை மின்சாரம் கடத்தும், அதனால் அலையைத் திருப்பித்தான் அனுப்பும்.

அப்படியானால் தேஜஸ் எப்படிக் குறைவாகத் தெரிகிறது? முதலில் அளவு. 13.2 மீட்டர் நீளம், 8.2 மீட்டர் இறக்கை விரிவு. இரண்டாவது, கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த கூட்டுப்பொருளில் பெரிய பெரிய பகுதிகளாக வார்க்கலாம், அதனால் இணைப்பும் ஆணியும் குறைவு. மூன்றாவது, பீளமேடு நண்பர் சொன்ன அந்தக் காற்றுக் குழாய். இரண்டு பக்கமும் உள்ளே போய் ஒய் எழுத்து மாதிரி வளைந்து எஞ்சினில் சேருகிறது. எஞ்சினின் சுழலும் முகம்தான் முன்னாலிருந்து வரும் ராடாருக்குப் பெரிய கண்ணாடி, வளைவு அதை மறைக்கிறது. அப்புறம்தான் அலையை உறிஞ்சும் பூச்சு. 

ஒரு கணக்கையும் மனதில் வையுங்கள். ராடாரில் தெரியும் பரப்பை 16ல் ஒரு பங்காக்கினால்தான் எதிரி நம்மைப் பார்க்கும் தூரம் பாதியாகும். அவ்வளவு பாடுபட்டுக் குறைத்ததை, இறக்கைக்கு அடியில் இரண்டு எரிபொருள் டேங்கும் நான்கு ஏவுகணையும் தொங்கவிட்டால் பெருமளவு திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அதனால்தான் ஆயுதத்தை வயிற்றுக்குள் வைக்கும் ஆம்கா என்ற போர் விமானம் தனித் திட்டமாக வருகிறது. தேஜஸை ஸ்டெல்த், அதாவது ராடாருக்கு மறையும் விமானம் என்று சொல்லாதீர்கள். குறைவாகத் தெரியும் விமானம், அதுவே பெரிய விஷயம்.

சென்சாருக்கும் இதே கதைதான். தேஜஸுக்கு ஆரம்பத்தில் ராடாரை மூட, கெவ்லார் இழை கலந்த மூக்குக் கூம்பு போட்டார்கள். ராடார் நன்றாக இருந்தும் கூம்பு அதன் பார்வையைக் குறுக்கியது. இங்கிலாந்திலிருந்து குவார்ட்ஸ் கூம்பு வந்த பிறகுதான் தூரம் கூடியது. புது ராடார் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பழைய_சார்ஜென்ட்:
நாகராஜ் தம்பி, கணக்கெல்லாம் சரி. ஆனால் 2021 பிப்ரவரியில் 83 மார்க் 1ஏ, 2025 செப்டம்பரில் இன்னும் 97 ஆர்டர். முதல் விமானம் 2024 மார்ச்சில் படைக்கு வரவேண்டியது, அந்த மாதம் நடந்ததோ முதல் பறப்புதான். அந்த 83க்கான அமெரிக்க எஃப்404 எஞ்சினே 2025 மார்ச்சில்தான் வர ஆரம்பித்தது. 42 ஸ்குவாட்ரன் இருக்கவேண்டிய இடத்தில், மிக்-21 போன பிறகு 29. கண்ணும் பூச்சும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஓடுபாதையில் வந்து நின்றால்தானே தம்பி?

கார்பன்_நாகராஜ்:
நிற்க வேண்டும் சார், மறுக்கவில்லை. ஆனால் தாமதத்தைப் பேசும்போது 1998ஐயும் சேர்த்துப் பேசுங்கள். பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு தடை வந்ததும், பறப்புக் கட்டுப்பாட்டில் அமெரிக்காவிடமிருந்து வந்துகொண்டிருந்த உதவி நின்றுபோனது. நம்மவர்கள் மீதியை இங்கேயே முடித்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று முதல் தேஜஸ் எழும்பியது. அந்தக் கட்டுப்பாட்டு மென்பொருளில் கை நனைத்தவர்களிடம் படித்தவன் நான், அதனால் கொஞ்சம் சூடாகச் சொல்கிறேன்.

யெலஹங்கா_ரவி:
நாகராஜ் சார், நன்றி. பையனிடம் திருத்திச் சொல்லிவிட்டேன். இப்போது 11ஆம் வகுப்பு. "அப்போ அந்த 16 எப்படி வந்தது?" என்று கேட்கிறான்.

குரோம்பேட்டை_அண்ணன்:
2024 அக்டோபர் 6, மெரினா. வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தேஜஸ் கடல் பக்கமிருந்து வந்து செங்குத்தாக ஏறியது. கழுத்தை நிமிர்த்துவதற்குள் புள்ளியாகிவிட்டது. எனக்கு அவ்வளவுதான்.

ரவி, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பையன் 16 எப்படி வந்தது என்று கேட்கிறான் என்றதும் சும்மா இருக்க முடியவில்லை. அலை போகும்போது பரப்பில் விரிகிறது, தூரத்தின் வர்க்கம். பட்டுத் திரும்பும்போது இன்னொரு வர்க்கம். ஆக நான்காம் அடுக்கு. 2ஐ நான்கு தடவை எழுதிப் பெருக்கினால் 16. இதை அவனையே எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அப்புறம், விமானம் பிடிக்கும் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஏரோநாட்டிகலில் சேர்க்காதீர்கள். அவனுக்குப் பிடித்தது விரல் தட்டு என்றால் அது ஆண்டெனா, சிக்னல். ஈசிஇ (மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல்) எடுக்கட்டும். உடம்பும் காற்றும் பிடித்தால் ஏரோநாட்டிகல், எங்கள் குரோம்பேட்டை எம்ஐடி இருக்கிறது, கலாம் அய்யா படித்த இடம். எது எடுத்தாலும் கணக்கை விடக்கூடாது. மேட்ரிக்ஸ், ஃபூரியர் இரண்டும் தண்ணீர் மாதிரி வரவேண்டும். இந்த விடுமுறையிலேயே ஒரு சால்டரிங் அயர்ன் வாங்கிக் கொடுங்கள், சின்ன ரேடியோ ஒன்றைக் கையால் கட்டட்டும். கை சுடும், பரவாயில்லை. பிறகு கேட் தேர்வு எழுதலாம், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ பக்கம் போகலாம்.

பழைய_சார்ஜென்ட்:
பட்டறைப் பக்கமும் ஆள் வேண்டும் என்று அவனிடம் சொல்லுங்கள். நகத்தால் கீறல் கண்டுபிடிக்கிற ஆள்.

சோமனூர்_செல்வி:
உங்களைப் போல எனக்கு ராடார் தெரியாதுங்க. சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் தறி ஓட்டுகிறேன். தறி ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது, அதையும் தாண்டிக் கேட்கிற சத்தம் தேஜஸ் மட்டும்தான். 2018ல் தேஜஸ் ஓட்டும் 45ஆம் ஸ்குவாட்ரன் இங்கே வந்ததிலிருந்து பழகிவிட்டது. கூரைத் தகரம் அதிரும், பாவு நூல் லேசாக நடுங்கும், நான் தலையைத் தூக்க மாட்டேன்.

2025 நவம்பர் 21, துபாயில் விழுந்த தேஜஸை ஓட்டியவர் சூலூர்க்காரர் என்று மாலையில் தெரிந்தது. பிறந்தது இமாச்சலம், ஆனால் இருந்தது இங்கேதானே. ஞாயிற்றுக்கிழமை உடல் முதலில் சூலூருக்குத்தான் வந்தது. இத்தனை நாள் எங்கள் கூரைமேல் போனதில் அவர் எத்தனை தடவை போயிருப்பார் என்று யோசித்தேன்.

அதற்கப்புறம் ஒருநாள் காலை. தறி ஓடிக்கொண்டிருந்தது. தகரம் அதிர ஆரம்பித்தது. நான் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். பக்கத்து ஷெட்டிலும் தறி நின்றது, எதிர் வீட்டு அக்கா ஈரக் கையோடு வாசலுக்கு வந்துவிட்டார். இரண்டு விமானங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, பல்லடம் பக்கம் திரும்பின. சத்தம் அடங்கும்வரை நாங்கள் மூன்று பேரும் அப்படியே நின்றோம்.